மக்காச்சோளத்தில் தாவிய மரபணு: பார்பரா மெக்லின்டாக் – ஒரு நிகழ்வு ஆய்வு

1983 அக்டோபர் 10 அன்று ஸ்டாக்ஹோமிலிருந்து அறிவிப்பு வந்தபோது பார்பரா மெக்லின்டாக்குக்கு 81 வயது. மருத்துவத்துக்கான நோபல் பரிசு, யாரோடும் பங்கில்லாமல் முழுசாக, வாழ்நாளெல்லாம் மக்காச்சோளத்தோடு மல்லுக்கட்டிய ஒரு தாவர மரபியலாளருக்கு. மருத்துவப் பிரிவில் இப்படித் தனியாகப் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான். பத்திரிகைகளுக்குக் கதை தயாராகக் கிடைத்தது: 1951இல் சொன்னார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, முப்பது ஆண்டு ஒதுங்கியிருந்தார், கடைசியில் உலகம் தலை வணங்கியது. இன்றும் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது இதுதான்.

கேட்க நன்றாக இருக்கிறது. பாதி உண்மையும்கூட. ஆனால் ஆண்டுகளையும் விருதுகளையும் ஆய்வுத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை இடறுகிறது. மெக்லின்டாக் சொன்னவை இரண்டு. குரோமோசோமில் சில துண்டுகள் இருந்த இடத்தை விட்டு வேறிடத்துக்குத் தாவுகின்றன என்பது ஒன்று. அந்தத் தாவல்தான் ஒரு செடி தன் மரபணுக்களை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று கட்டுப்படுத்தும் வழி என்பது மற்றொன்று. முதலாவதை மக்காச்சோள ஆய்வாளர்கள் சீக்கிரமே ஏற்றார்கள். இரண்டாவதைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அவர் உயிரைக் கொடுத்துப் பேசியதோ இரண்டாவதைப் பற்றி. இந்த இரண்டையும் பிரித்து வைக்காமல் அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடியாது.

பத்துக் குரோமோசோம்களுக்கு எண் போட்டவர்

1902 ஜூன் 16இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தார். அப்பா ஹோமியோபதி மருத்துவர். 1908இல் குடும்பம் நியூயார்க்கின் புரூக்ளினுக்கு வந்தது. பெண் கல்லூரிக்குப் போனால் கல்யாணம் ஆகாமல் போய்விடும் என்று அம்மாவுக்குப் பயம். அந்தப் பயத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முதல் உலகப் போருக்கு ராணுவ மருத்துவராகப் போயிருந்த அப்பா திரும்பி வந்து மகள் பக்கம் நின்றதால், 1919இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். 1921இல் அங்கே மரபியல் பாடம் ஒன்றை எடுத்தார். மாணவியின் ஆர்வத்தைக் கவனித்த பேராசிரியர் ஹட்சிசன், மறு ஆண்டு தானே தொலைபேசியில் அழைத்து, பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கான மரபியல் வகுப்பில் வந்து சேரச் சொன்னார். வேறு துறை பற்றிய யோசனை அதோடு முடிந்தது. 1927இல் முனைவர் பட்டம்.

கார்னெலில் அப்போது ரோலின்ஸ் எமர்சன் தலைமையில் மக்காச்சோள மரபியல் கொடிகட்டிப் பறந்தது. மணியின் நிறம், இலையின் வடிவம், செடியின் உயரம் என்று நூற்றுக்கணக்கான பண்புகளைக் கலப்பு செய்து, எந்தப் பண்பு எதோடு சேர்ந்தே இறங்குகிறது என்று பிணைப்புத் தொகுதிகளாக வகுத்து வைத்திருந்தார்கள். ஆனால் எந்தத் தொகுதி எந்தக் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது? அது தெரியாது. தெரிய வேண்டுமானால் முதலில் பத்துக் குரோமோசோம்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அடையாளம் காண வேண்டும். அதுவே நடக்கவில்லை. திசுவை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக அறுத்துப் பார்க்கும் பழைய முறையில் குரோமோசோம்கள் பாதியில் வெட்டுப்பட்டுப் போகும்.

ஜான் பெல்லிங் என்பவர் வேறொரு வழி கண்டிருந்தார். மெக்லின்டாக் அதை மக்காச்சோளத்துக்குப் பக்குவப்படுத்தினார். செடியின் உச்சியில் விரியும் ஆண் பூங்கொத்தை உரிய நாளில் எடுத்து, மகரந்தப்பையைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, அசிட்டோகார்மைன் சாயத்தை ஒரு சொட்டு விட்டு, லேசாகச் சூடுகாட்டி, மேல் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். தோசைக்கல்லில் மாவு பரவுவதுபோலச் செல்கள் ஒரே அடுக்காகப் பரவிவிடும். குரோமோசோம்கள் வெட்டுப்படாமல், செந்நிறம் ஏறி, முழு நீளத்தில் கிடக்கும். சொல்வதற்கு எளிது. நாள் தப்பினால் பிரிதல் நிலை தவறிவிடும், சூடு கூடினால் எல்லாம் பாழ், அழுத்தம் குறைந்தால் ஒன்றன்மேல் ஒன்று.

1929இல் பத்துக் குரோமோசோம்களையும் நீளவாரியாக 1 முதல் 10 வரை எண்ணிட்டு வெளியிட்டார். உலகம் முழுக்க இன்றும் அந்த எண்கள்தான். பிறகு ஒரு குரோமோசோம் மட்டும் கூடுதலாக உள்ள செடிகளைக் கொண்டு தொகுதிகளை இடம் சேர்க்கும் வேலை தொடங்கியது. வழக்கமாக மூன்றுக்கு ஒன்று என்று வரவேண்டிய விகிதம் எந்தக் குரோமோசோம் கூடியிருக்கும்போது கலைகிறதோ, அந்தப் பண்பு அந்தக் குரோமோசோமைச் சேர்ந்தது. எளிய தர்க்கம், ஆனால் ஒவ்வொரு விடைக்கும் ஒரு விளைச்சல் பருவம் காத்திருக்க வேண்டும். பழ ஈ வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வாரத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும்.

1931இல் ஹேரியட் கிரெய்ட்டன் என்ற இளம் மாணவியோடு சேர்ந்து செய்த ஆய்வு பாடநூல்களில் நிலைத்துவிட்டது. ஒன்பதாம் குரோமோசோமின் ஒரு முனையில் கருமையாகச் சாயம் பிடிக்கும் முடிச்சு. மறுமுனையில் எட்டாம் குரோமோசோமின் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. நுண்ணோக்கியில் இரண்டுமே கண்ணுக்குத் தெரியும். இடையில் இரண்டு மரபணுக்கள்: ஒன்று மணிக்கு நிறம் தருவது, மற்றது மாவுச்சத்தின் தன்மையைத் தீர்மானிப்பது. அயோடின் விட்டால் சாதாரண மாவுச்சத்து கருநீலமாகும். மெழுகுத்தன்மை உள்ளது செம்பழுப்பாகும். மணிகளில் பண்புகள் இடம் மாறிச் சேர்ந்திருந்த செடிகளை வளர்த்துப் பார்த்தால், முடிச்சும் ஒட்டுத்துண்டும் அதேபோல இடம் மாறியிருந்தன. மரபணுக்கள் கலையும்போது குரோமோசோம்களின் பொருளே கை மாறுகிறது என்பது அதோடு சந்தேகமறத் தெரிந்தது. கார்னெலுக்கு விரிவுரையாற்ற வந்திருந்த பழ ஈ மரபியலின் முன்னோடி தாமஸ் ஹன்ட் மோர்கன், உடனே வெளியிடுங்கள் என்று அவசரப்படுத்தினார். பழ ஈயில் இதையே கர்ட் ஸ்டெர்ன் கிட்டத்தட்ட முடித்துவிட்டார் என்பது மோர்கனுக்குத் தெரியும். மக்காச்சோளக்காரர்கள் கொஞ்ச நாள் முந்திக்கொண்டார்கள்.

அப்போது அவருக்கு வயது 29. வேறொருவராயிருந்தால் பேராசிரியர் பதவி தேடி வந்திருக்கும்.

நிலையான வேலை இல்லாத பத்து ஆண்டுகள்

வரவில்லை. கார்னெலில் மனையியல் துறைக்கு வெளியே பெண்களுக்குப் பேராசிரியர் பதவி அபூர்வம். உதவித்தொகைகளில் ஓடியது காலம்: மிசௌரி, கலிஃபோர்னியா, மீண்டும் கார்னெல். 1933இன் கடைசியில் குகன்ஹைம் உதவித்தொகையில் ஜெர்மனி போனார். சந்திக்க நினைத்த ஸ்டெர்ன், யூதர் என்பதால், ஏற்கெனவே நாட்டை விட்டு வெளியேறியிருந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத பெர்லின். பிறகு ஃபிரைபர்க். 1934 வசந்தத்தில் மனம் வெறுத்துத் திரும்பினார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடம் எமர்சன் கேட்டு வாங்கித் தந்த பணத்தில் இரண்டு ஆண்டு ஓடியது.

1936இல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் வேலை. எக்ஸ் கதிர் பாய்ச்சிக் குரோமோசோம்களை உடைக்கும் லூயிஸ் ஸ்டாட்லர் அங்கே இருந்தார்; அழைத்ததும் அவரே. வேலை கிடைத்தது, ஒட்டவில்லை. 1941இல் விட்டு வெளியேறினார். பெண் என்பதால் தள்ளினார்கள் என்பது வழக்கமான விளக்கம். ஸ்டாட்லர் போய்விட்டால் தன்னையும் அனுப்பிவிடுவார்கள் என்று அவரே நம்பினார். பின்னாளில் பல்கலைக்கழகக் கோப்புகளைத் தோண்டியவர்களோ, பதவி உயர்வு தர நிர்வாகம் தயாராக இருந்ததைக் கண்டார்கள். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. பத்தாண்டு கதவு கதவாகத் தட்டியவருக்கு, திறக்கப்போகும் கதவையும் நம்ப முடியாது போயிருக்கலாம். வகுப்பு எடுப்பதும் குழுக் கூட்டங்களில் உட்காருவதும் அவருக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மிசௌரிக் காலத்தில்தான் பின்னால் எல்லாவற்றுக்கும் அடித்தளமான ஒன்றைக் கண்டார். குரோமோசோம் ஒன்று முறிந்தால், முறிந்த முனை இன்னொரு முறிந்த முனையோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது இரண்டு மையங்கள் கொண்டதாகிவிடுகிறது. செல் பிரியும்போது இரு பக்கமும் இழுபட்டுப் பாலம்போல நீண்டு மறுபடி முறிகிறது, மறுபடி ஒட்டுகிறது. மணிக்குள் முளைக்கு உணவாகும் பகுதியான கருவூண் திசுவில் இந்தச் சுழற்சி நிற்காமல் ஓடும். வளர்கருவிலோ முறிந்த முனை ஆறிவிடும், சுழற்சி நின்றுபோகும். இயல்பான முனைகள் ஒட்டுவதில்லை, முறிந்தவைதான் ஒட்டுகின்றன என்ற கவனிப்பு, குரோமோசோம் முனைகளைக் காக்கும் டெலோமியர் பற்றிய பிற்கால ஆய்வுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர், 1944

1941 கடைசியில் லாங் ஐலண்டிலுள்ள கோல்ட் ஸ்பிரிங் ஹார்பருக்கு வந்தார். கார்னெகி நிறுவனத்தின் மரபியல் துறை அங்கே இருந்தது. வகுப்பு கிடையாது, மாணவர் கிடையாது, கட்டாயமாக எழுதவேண்டிய விண்ணப்பம் கிடையாது. ஆய்வகமும், மக்காச்சோளம் போட நிலமும், சம்பளமும் உண்டு. சாகும்வரை அங்கேயே இருந்தார்.

முப்பது ஆண்டு ஒதுங்கியிருந்தார் என்ற கதைக்கு வருவதற்கு முன் இரண்டு ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளலாம். 1944இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமி அவரை உறுப்பினராக்கியது. அந்தப் பெருமை பெற்ற மூன்றாவது பெண். 1945இல் அமெரிக்க மரபியல் கழகத்தின் தலைவர். அந்தப் பதவியில் முதல் பெண். அதாவது, தாவும் மரபணுக்களைப் பற்றி வாய் திறக்கும் முன்பே அவர் துறையின் முதல் வரிசையில் இருந்தவர். சொன்னதைக் கேட்க ஆளில்லாத அநாமதேயர் அல்லர்.

1944இல் ஒரு விதைப்பு செய்தார். தாய் வழியும் தந்தை வழியும் புதிதாக முறிந்த ஒன்பதாம் குரோமோசோம் வந்து சேரும்படி தன் மகரந்தச் சேர்க்கை செய்யப்பட்ட செடிகளின் விதைகள் அவை. எதிர்பார்த்தது, முறிவால் புதிய பிறழ்வுகள், அதாவது மரபணு மாற்றங்கள், கிடைக்கும் என்பது. முளைத்த நாற்றுகளில் கிடைத்தது வேறு. இலைகளில் வெள்ளை, வெளிர்பச்சை, மஞ்சள் கோடுகள். நிலைக்காத, வளர வளர மாறிக்கொண்டே போகும் பண்புகள். சில இலைகளில் இரண்டு பட்டைகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றில் பிறழ்வு வழக்கத்தைவிட அதிகம். ஒட்டியிருந்த மற்றதில் வழக்கத்தைவிடக் குறைவு. இரண்டும் ஒரே செல் பிரிந்து வந்தவை. பிரியும்போது ஒரு மகள் செல் எதையோ இழந்திருக்கிறது, மற்றது அதையே பெற்றிருக்கிறது. எது போனது, எது வந்தது? அடுத்த ஆறு ஆண்டு வேலை முழுக்க இந்தக் கேள்விதான்.

ஒன்பதாம் குரோமோசோமின் குறுங்கையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் திரும்பத் திரும்ப முறிவு ஏற்பட்டது. அந்த இடத்துக்கு ‘டிஸ்ஸோசியேஷன்’ என்று பெயர் வைத்தார். ஆனால் எல்லாச் செடியிலும் முறிவதில்லை. வேறொரு கூறு உடனிருந்தால்தான் முறியும். அதற்கு ‘ஆக்டிவேட்டர்’ என்று பெயர். முறிவு ஒரே இடத்தில் நிகழ்வதாக எண்ணியிருக்கையில், சில கதிர்களில் முறியும் இடமே மாறியிருந்தது. சோதித்துப் பார்த்தார், மறுபடி விதைத்தார், நுண்ணோக்கியில் பார்த்தார். டிஸ்ஸோசியேஷன் இடம் பெயர்ந்திருந்தது. 1948 வாக்கில்தான் இடப்பெயர்ச்சி என்ற சொல்லை எழுத்தில் வைத்தார்.

இதை மணியில் எப்படிப் படித்தார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மக்காச்சோளக் கதிரில் ஒவ்வொரு மணியும் தனிக் கருவுறுதல். கதிர் நுனியில் நீளும் ஒவ்வொரு பட்டு இழையும் ஒரு மகரந்தத்தை வாங்கி ஒரு மணியாகிறது. நிறம் உட்காருவது மணியின் மேலுறைக்குக் கீழே உள்ள ஒரே ஒரு செல் தடிமன் அடுக்கில். நிறமி மரபணுவுக்குள் டிஸ்ஸோசியேஷன் போய்ப் புகுந்தால் மரபணு செத்துவிடும். மணி நிறமற்றுப் போகும். ஆக்டிவேட்டர் உடனிருந்தால், மணி வளரும்போது சில செல்களில் டிஸ்ஸோசியேஷன் எழுந்து வெளியேறும். அந்தச் செல்லில் மரபணு உயிர்பெறும். அதன் வழிவந்த எல்லாச் செல்களும் நிறம் பெறும். வெளிறிய மணியில் ஊதாப் புள்ளி. ஆரம்பத்திலேயே வெளியேறியிருந்தால் அதன் வழிச் செல்கள் ஏராளம், ஆகவே பெரிய திட்டு. கடைசி நேரத்தில் என்றால் பொடிப்புள்ளி. எத்தனை புள்ளி என்று எண்ணினால் எவ்வளவு அடிக்கடி வெளியேறியது என்பது வந்துவிடும். ஒரு மணியைக் கையில் எடுத்தால் எப்போது, எத்தனை முறை என்று இரண்டு கேள்விக்கும் விடை உண்டு.

இன்னும் ஒரு படி போனார். கருவூண் திசுவில் குரோமோசோம் தொகுதி இரண்டல்ல, மூன்று: தாயிடமிருந்து இரண்டு, தந்தையிடமிருந்து ஒன்று. ஆக்டிவேட்டரைத் தந்தை வழியாக அனுப்பினால் மணியில் ஒரு பிரதி. தாய் வழியாக அனுப்பினால் இரண்டு. இருபுறமும் வந்தால் மூன்று. பிரதி கூடக்கூடப் புள்ளிகள் சிறுத்தன. ஆக்டிவேட்டர் எவ்வளவு அதிகமோ, தாவல் அவ்வளவு தாமதம். இதைக் கண்ட கணத்திலிருந்து மெக்லின்டாக்கின் மனம் தாவலிலிருந்து விலகி நேரத்தின்மேல் போய்விட்டது என்று நினைக்கிறேன். மரபணு ஒன்றை எப்போது திறப்பது என்பதைக் கூட்டியும் குறைத்தும் வைக்கக்கூடிய ஒரு கருவி கையில் கிடைத்திருக்கிறது. ஒரே மரபணுத்தொகுதியை வைத்துக்கொண்டு ஒரு செல் வேராகவும் இன்னொன்று இலையாகவும் ஆவது எப்படி என்ற பழைய புதிருக்கு விடை இதுதானே என்று அவர் கருதினார். இந்தத் துண்டுகளுக்கு அவர் வைத்த பொதுப்பெயர் தாவும் கூறுகள் அல்ல, கட்டுப்படுத்தும் கூறுகள்.

1951இல் என்ன நடந்தது

1950இல் தேசிய அகாதமியின் இதழில் சுருக்கமான ஆய்வுத்தாள். 1951 கோடையில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் கருத்தரங்கில் நீண்ட உரை. அரங்கம் உறைந்துபோனது, சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் சிரித்தார்கள் என்று பின்னால் சொல்லப்பட்டது. வரவேற்பு அவருக்குப் பெரிய ஏமாற்றம் என்பதில் சந்தேகமில்லை. 1953இல் ‘ஜெனிடிக்ஸ்’ இதழில் எழுதியதற்கும் ஆர்வம் காட்டியவர்கள் வெகு சிலர். அதன்பின் விரிவான தரவுகளைப் பெரிய இதழ்களில் வெளியிடுவதைப் பெருமளவு நிறுத்தினார். கார்னெகி ஆண்டறிக்கையில் ஆண்டுதோறும் எழுதிவந்தார். அதைப் படிப்பவர்கள் குறைவு.

ஆனால் அதே சமயத்தில் என்ன நடந்தது என்று பார்க்கவேண்டும். விஸ்கான்சினில் அலெக்ஸாண்டர் பிரிங்க், மணியின் மேலுறை நிறத்தை வைத்து 1952இலேயே ஒரு தாவும் கூறை விவரித்தார். 1954இல் அவருடைய குழு, அது மெக்லின்டாக்கின் ஆக்டிவேட்டரேதான் என்று காட்டியது. பீட்டர் பீட்டர்சன் தனியாகக் கண்ட இன்னொரு தாவும் கூறும், மெக்லின்டாக் ‘ஸப்ரெசர்-மியூட்டேட்டர்’ என்று அழைத்ததும் ஒன்றே என்று பிறகு தெரிந்தது. ஆக, அறிவித்த நான்கு ஆண்டுக்குள் வேறொரு ஆய்வகத்தில், வேறொரு மரபணுவில், வேறொரு குழுவால் தாவல் உறுதிசெய்யப்பட்டுவிட்டது. மக்காச்சோளம் தெரிந்தவர்கள் யாரும் அவரைப் பைத்தியம் என்று நினைக்கவில்லை. 1967இல் தேசிய அகாதமியின் கிம்பர் மரபியல் விருது, 1970க்கான தேசிய அறிவியல் பதக்கம். இவை நோபலுக்கு வெகு முன்பு வந்தவை.

பிறகு எதை ஏற்கவில்லை? மூன்று தடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. முதலாவது சாதாரணமானது: தாள்கள் படிக்கக் கடினம். ஒரு பத்தியைப் புரிந்துகொள்ள மக்காச்சோளத்தின் பத்துப் பதினைந்து மரபணுக்களும், கருவூண் திசுவின் கணக்கும், முறிவுச் சுழற்சியும் மனத்தில் ஓட வேண்டும். இரண்டாவது, துறையே வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அதே வளாகத்தில் ஆல்ஃபிரட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் 1952இல் வைரஸை வைத்து டி.என்.ஏ.தான் மரபுப்பொருள் என்பதற்கு வலுவான சான்று தந்தார்கள். அடுத்த ஆண்டு டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் வந்துவிட்டது. பாக்டீரியாவில் ஒரு ராத்திரியில் முடியும் சோதனைக்கு முன்னால், ஆண்டுக்கு ஓரிரு விளைச்சல் தரும் செடி எடுபடவில்லை.

மூன்றாவதுதான் உண்மையான சிக்கல். தாவல் எங்கே, எப்போது நடக்கும் என்பது பெரும்பாலும் தற்செயல். ஒரு கதிரில் எந்த மணியில், எந்த மூலையில் புள்ளி விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு செடி வளர்வது தற்செயல் அல்ல. ஒவ்வொரு முறையும் வேர் கீழே போகிறது, இலை மேலே வருகிறது. தற்செயலாக இடம் மாறும் ஒன்று இவ்வளவு ஒழுங்கான வளர்ச்சியை எப்படி நடத்தும்? இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் முட்டாள்கள் அல்லர். அவர்கள் கேட்டது நியாயம்.

1961இல் பிரான்ஸின் ஃபிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ இருவரும் பாக்டீரியாவில் மரபணுக் கட்டுப்பாட்டை விளக்கினார்கள்: ஒரு ஒழுங்குபடுத்தும் மரபணு, அது தொடும் ஒரு சாவி இடம். மெக்லின்டாக் உற்சாகமாகி அதே ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். ஆக்டிவேட்டர் அங்குள்ள ஒழுங்குபடுத்தியைப் போன்றது, டிஸ்ஸோசியேஷன் சாவி இடத்தைப் போன்றது என்று பொருத்திக் காட்டினார். வாசகர்கள் பாடத்தைத் தலைகீழாக எடுத்துக்கொண்டார்கள்: கட்டுப்பாட்டுக்கு எதுவும் தாவவே வேண்டியதில்லையே!

சக மக்காச்சோள மரபியலாளர் ஆலிவர் நெல்சனுக்கு 1973இல் அவர் எழுதிய கடிதத்தில், அடுத்தவர் தன்னையறியாமல் பிடித்து வைத்திருக்கும் முன்முடிவுகளை வெளியிலிருந்து யாராலும் உணர்த்திவிட முடியாது, கருத்து மாற்றத்துக்குக் காலம் கனிய வேண்டும் என்ற பொருளில் சொன்னார். அவரைச் சுற்றிய கதைக்கு இது அடிக்கடி சான்றாகக் காட்டப்படுகிறது. தாவலை நம்பவைக்க முடியாத ஏமாற்றமாக நான் இதைப் படிக்கவில்லை. கட்டுப்பாட்டைப் பற்றிய ஏமாற்றம் இது.

மற்றவர்கள் வந்து சேர்ந்த வழி

1960களின் கடைசியில் ஜேம்ஸ் ஷப்பிரோவும், கொலோன் நகரில் பீட்டர் ஸ்டார்லிங்கர், ஹைன்ஸ் சேட்லர் ஆகியோரும் பாக்டீரியாவில் மரபணுவுக்குள் புகுந்து அதை நிறுத்தும் டி.என்.ஏ. துண்டுகளைக் கண்டார்கள். நுண்ணுயிர்க்கொல்லிகளை எதிர்க்கும் மரபணுக்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுவதன் பின்னாலும் தாவும் துண்டுகள் இருந்தன. 1974இல் இவற்றுக்கு டிரான்ஸ்போசான் என்ற பெயர் வந்தது. 1970களின் கடைசியில் பழ ஈயிலும் கண்டுபிடித்தார்கள். அதுவரை மக்காச்சோளக் காட்டு விசித்திரமாக இருந்தது எல்லா உயிருக்கும் பொதுவாகிவிட்டது. மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி மருத்துவர்களுக்குக் கவலை வந்த பிறகு, தாவர மரபியலாளர் ஒருவருக்கு மருத்துவ நோபல் தருவதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்கவில்லை. 1981இல் லாஸ்கர், வுல்ஃப், மக்ஆர்தர் விருதுகள் மூன்றும் ஒரே ஆண்டில் வந்து குவிந்தன. 1983இன் நோபல் தகுதியுரை, ‘இடம்பெயரும் மரபுக் கூறுகளைக் கண்டுபிடித்ததற்காக’ என்கிறது. கட்டுப்பாடு என்ற சொல் அதில் இல்லை.

அதே சமயத்தில் நினா ஃபெடரோஃப் குழு ஆக்டிவேட்டரைப் பிரித்தெடுத்தது. சுமார் 4,500 கார இணைகள், அதாவது டி.என்.ஏ. ஏணியின் படிகள், நீளம். தன்னைத்தானே வெட்டி எடுத்து வேறிடத்தில் ஒட்டும் நொதிக்கான மரபணு அதற்குள் இருக்கிறது. டிஸ்ஸோசியேஷன்கள் பல, அதே ஆக்டிவேட்டரின் நடுப்பகுதி போன எச்சங்கள். நொதி இல்லை, ஆகவே தானாக நகர முடியாது. பக்கத்தில் முழுமையான ஆக்டிவேட்டர் இருந்தால் அதன் நொதியைக் கொண்டு நகரும். நாற்பது ஆண்டு முன்பு மணியின் புள்ளிகளை மட்டும் பார்த்து அவர் வரைந்த உறவு அப்படியே நின்றது.

அதைவிட வேடிக்கை 1990இல் வந்தது. மெண்டலின் பட்டாணியில் உருண்டை, சுருங்கல் என்ற இணையை எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். சுருங்கலுக்குக் காரணம், மாவுச்சத்து தயாரிக்கும் ஒரு மரபணுவுக்குள் சுமார் 800 கார இணை நீளத் துண்டு ஒன்று புகுந்திருப்பது என்று இங்கிலாந்தில் கண்டார்கள். அந்தத் துண்டு ஆக்டிவேட்டர் குடும்பத்தின் சாயல் கொண்டது. மரபியலைத் தொடங்கி வைத்த சோதனையிலேயே ஒரு தாவும் மரபணு உட்கார்ந்திருந்திருக்கிறது. நம் வீட்டு வாசலில் மாலையில் பூக்கும் அந்திமந்தாரையில், ஒரே பூவில் மஞ்சளும் சிவப்புமாகக் கோடு விழுவதற்குப் பின்னாலும் நிறமி மரபணுவில் புகுந்து வெளியேறும் இத்தகைய கூறு உண்டு. விதைக்கடைக்காரர் கலப்பு ரகம் என்பார்.

மக்காச்சோள மரபுத்தொகுதியில் சுமார் 85 விழுக்காடு தாவும் கூறுகளும் அவற்றின் எச்சங்களும். மனிதனில் ஏறக்குறைய பாதி. பெரும்பகுதி இன்று அசையாமல் கிடக்கிறது. எப்படி அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கும் மெக்லின்டாக் ஒரு தடயம் விட்டுப் போனார். சில கூறுகள் பல தலைமுறை தூங்கி மறுபடி விழிப்பதை 1950களிலேயே பதிவு செய்தார். டி.என்.ஏ.மீது மீதைல் எனும் வேதிக் குறிகள் ஏறுவதும் இறங்குவதுமே அதற்குக் காரணம் என்று பின்னால் தெரிந்தது.

கட்டுப்பாடு பற்றிய வழக்கு

நோபல் உரையில் அவர் பழைய புள்ளிகளைப் பற்றி மட்டும் பேசவில்லை. கடும் அதிர்ச்சிக்கு ஆளான ஒரு செல், தன் மரபுத்தொகுதியையே கலைத்து அடுக்கிப் பதிலளிக்கிறது என்பதில்தான் அழுத்தம் கொடுத்தார். 81 வயதிலும் தாவல் பழைய செய்தி, கட்டுப்பாடே தலைப்பு. 1992 செப்டம்பர் 2இல் இறக்கும்வரை அந்த நிலைப்பாடு மாறவில்லை.

அது சரியா? வளர்ச்சியின்போது வேரையும் இலையையும் பிரிப்பது தாவல் அல்ல. அந்த அளவில் அவர் சொன்னது பிழை, அவரை மறுத்தவர்கள் சரி. ஆனால் பரிணாமத்தின் நீண்ட காலக்கணக்கில் வழக்கு வேறு மாதிரிப் போகிறது. சிசிலியின் ரத்த ஆரஞ்சுச் சுளையில் சிவப்பு ஏறக் குளிர் வேண்டும். நிறமியைத் தூண்டும் மரபணுவின் அருகே ஒரு தாவும் கூறு அமர்ந்து, குளிர் பட்டால் அதைத் திறந்துவிடுகிறது என்று 2012இல் காட்டினார்கள். அதிர்ச்சி, பதில், கட்டுப்பாடு என்று அவர் பேசிய மூன்றும் ஒரு பழத்தில்.

இன்னொன்று அவருடைய சொந்தப் பயிரிலேயே. 1957 முதல் மெக்லின்டாக் மத்திய, தென் அமெரிக்கா முழுக்க நாட்டு மக்காச்சோள ரகங்களின் குரோமோசோம் முடிச்சுகளை ஒப்பிட்டு, இந்தப் பயிர் எந்த வழியாகப் பரவியது என்று வரைபடமாக்கினார். அந்த ஊர்களின் இளம் ஆய்வாளர்களைப் பழக்கினார். 1981இல் அது பெரிய தொகுப்பாக வந்தது. அவரைப் பற்றிய கட்டுரைகளில் இந்தப் பணி ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது, அநியாயம். மக்காச்சோளத்தின் காட்டு மூதாதை டியோசின்டே, புதர்போலக் கிளைத்து நிற்கும். மக்காச்சோளமோ ஒற்றைத் தண்டாக எழும். கிளைப்பை அடக்கும் மரபணு இரண்டிலும் உண்டு, மக்காச்சோளத்தில் கூடுதலாக வேலை செய்கிறது. ஏன் என்று தேடியவர்கள் 2011இல் விடை கண்டார்கள். மரபணுவிலிருந்து சுமார் 60,000 கார இணை தள்ளி ‘ஹாப்ஸ்காட்ச்’ என்ற தாவும் கூறு ஒன்று குந்தியிருந்து, அங்கிருந்தே அதன் வேகத்தைக் கூட்டுகிறது. மனிதர் அந்தப் புல்லைப் பயிராக்கத் தொடங்குவதற்கு முன்பே சில செடிகளில் அது போய் அமர்ந்துவிட்டது. உழவர்கள் ஒற்றைத் தண்டுச் செடிகளைப் பொறுக்கி விதைத்தபோது கூடவே வந்துவிட்டது. மணிக்கு மணி, செல்லுக்குச் செல் நடக்கும் கட்டுப்பாடாக மெக்லின்டாக் அதை எதிர்பார்த்தார். இங்கே ஒரே ஒரு முறை தாவி அமர்ந்த துண்டு, அதன்பின் அசையாமலே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.